பத்தியம் முறித்த கை

போன மாதம் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் தம்பி மனைவிக்குக் குடல் ஆபரேஷன். துணைக்கு நான் போயிருந்தேன். முதல் நாள் ரத்தம் எடுக்க வந்த சின்னப் பெண் குப்பிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே, "இது சுகருக்கு, இது உப்புக்கு, இது செலினியத்துக்கு" என்று மளிகைச் சாமான் சொல்வதுபோல் சொன்னாள். "கடைசியா என்னம்மா சொன்ன?" என்று மறுபடி கேட்டேன்.

"செலினியம், ஆன்ட்டி. உடம்புக்குத் துளியூண்டு வேணும். வயித்து ஆபரேஷன் பேஷண்டுக்கு அது குறைஞ்சிருக்கான்னு டாக்டர் பாக்கச் சொல்லியிருக்காரு. குறைஞ்சிருந்தா அதைச் சரிக்கட்டிட்டுத்தான் கத்தி வைப்பாரு."

அவள் பாட்டுக்குக் குப்பிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது எண்பதுகளில், தேனியில். அன்று அதைக் கேட்டு ஒரு மருந்துக்கடைக்காரர் சிரித்தார். ஓர் ஆள் அது கிடைக்காமலே செத்துப்போனான். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்து, இப்போது நர்ஸ் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஜெயாவிடம் போனில் புலம்பினேன். "புலம்பினது போதும் சிஸ்டர், எழுதுங்க. என் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுறேன்" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

என் அப்பாவுக்குத் தேனி கடைவீதியில் இரும்புக்கடை. பெண்பிள்ளை நர்ஸ் வேலைக்குப் போவதா என்று கடைவீதியே கூடி நியாயம் பேசியது. "ஆணி விக்கிறதவிட ஆளப் பிழைக்க வைக்கிறது மேலு" என்று அப்பா பஸ் ஏற்றிவிட்டார். மதுரையில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்பேன் கழுவினேன், திட்டு வாங்கினேன், பாஸ் ஆனேன். அறுபதுகளின் நடுவில் தேனியிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

சேர்ந்த வாரத்திலேயே முதல் அதிர்ச்சி. அந்தக் காலத்தில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வயிற்றுப்புண். புண் ஆறி ஆறித் தழும்பேறி இரைப்பையின் வாசல் அடைத்துக்கொள்ளும். தின்றது கீழே இறங்காது. அப்படி வருகிற ஆளை உடனே மேசையில் ஏற்ற மாட்டார்கள். பல நாள் வயிற்றைக் கழுவ வேண்டும். சுண்டுவிரல் பருமன் ரப்பர் குழாயை வாய்வழியாக விட்டு, "முழுங்குங்க, முழுங்குங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே தள்ளி, மேல்முனையில் புனல் மாட்டி, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, புனலைச் சட்டென்று கட்டிலுக்குக் கீழே இறக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் வாளிக்கு வரும். தண்ணீர் தெளிந்து வரும்வரை ஊற்றி இறக்க வேண்டும். நான் கழுவிய முதல் ஆள் ஒரு சின்னமனூர் விவசாயி. வாளியில் முழு முழு மொச்சைப் பயறாக விழுந்தது. "இத எப்பய்யா சாப்பிட்டீக?" என்று கேட்டேன். அவர் யோசித்து, "போன சந்தைக்கு முந்தின சந்தையில வாங்கின மொச்சை தாயி" என்றார். ஒரு மனிதன் வயிறு நிறையத் தின்றும் பட்டினி கிடக்க முடியும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் சர்ஜனைப் பெரிய டாக்டர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மதுரைக்காரர். முட்டை உடைத்த பாத்திரத்தைக்கூட வீட்டுக்குள் விடாத சைவக் குடும்பம். காலையில் நெற்றி நிறைய விபூதியோடு வருவார். குரல் உயர்த்தித் திட்டியதே இல்லை. தப்புச் செய்தால் நம் பக்கத்தில் வந்து சும்மா நிற்பார். அதற்குத் திட்டு தேவலை என்றிருக்கும். எனக்கு வாய் நீளம். "என்ன டாக்டர், நிக்கிறதுக்கு நாலு வார்த்தை சொல்லிட்டுத்தான் போங்களேன்" என்று ஒரு தடவை கேட்டே விட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆபரேஷனுக்குச் சேர்ந்த எவருக்கும் முதலில் கைகொடுப்பார். அழுக்கு வேட்டியோடு வந்த கூலியாளுக்கும் அப்படித்தான். "இறுக்கிப் பிடிங்க, இன்னும் இறுக்குங்க" என்பார். சனங்களுக்கு அதில் பெருமை தாங்காது. பெரிய டாக்டர் கைகொடுத்தாக என்று ஊரில் போய்ச் சொல்வார்கள். அது மரியாதை இல்லை, பரிசோதனை என்று எங்களுக்கு மட்டும்தான் தெரியும். பிடி தளர்ந்திருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். "இவன் உடம்புல சத்து இல்ல. நான் தைப்பேன், தையல் பிடிக்கணுமே" என்பார். உடம்பில் என்ன குறைகிறது என்று அளந்து பார்க்க அன்று எங்களிடம் இருந்தது ஒரு எடை மெஷினும் அவர் கையும்தான்.

இனி அந்த எண்பதுகளுக்கு, முத்துக்காளைக்கு வருகிறேன்.

சுருளிப்பட்டிக்காரன். திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கட்டுகிற வேலை. முப்பதை ஒட்டிய வயது, கல்தூண் போல் உடம்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தவனை மாட்டுவண்டியிலும் பஸ்ஸிலுமாகக் கொண்டுவந்தார்கள். கூட மனைவி பேச்சியம்மாள், தாய் ஒச்சம்மாள். வயிற்றைத் திறந்தோம். சிறுகுடல் முறுக்கிக்கொண்டு, நாவற்பழ நிறத்தில் பொங்கி வந்தது.

பெரிய டாக்டர் முறுக்கைப் பிரித்துவிட்டார். உடனே வெட்டவில்லை. சுடு உப்புநீரில் நனைத்த துணிகளைக் குடலின்மேல் போர்த்தச் சொன்னார். ஆறினால் எடுத்துவிட்டு அடுத்த சூட்டுத்துணி. நிறம் திரும்புகிறதா, குடலைத் தாங்கும் சவ்வில் நாடி துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் துணி மாற்றிக்கொண்டே இருந்தேன். மேல்பக்கம் கொஞ்சமும் அடிப்பக்கம் கொஞ்சமும் சிவந்தன. நடுவில் இருந்தது கருப்பாகவே கிடந்தது. "இவ்வளவுமா டாக்டர்?" என்று என்னையறியாமல் கேட்டேன். "இவ்வளவும்தான்" என்றார். வெட்டியெடுத்ததைப் பேசினில் வாங்கும்போது என் கை பாரம் தாங்காமல் தாழ்ந்தது. சிறுகுடலில் மிஞ்சியது ரெண்டு முழம்கூடத் தேறாது.

அவன் பிழைத்தான். அதுவே எங்களுக்கு அதிசயம். முதலில் குளுக்கோஸ், பிறகு சர்க்கரைத் தண்ணீர், பிறகு கஞ்சி. பெரிய டாக்டரே தாயைக் கூப்பிட்டு, "கஞ்சி மட்டும் குடுங்கம்மா, வேற எதுவும் கூடாது" என்று சொன்னார். வீட்டுக்குப் போகும்போது, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சாப்பிடலாம், மாதம் ஒரு முறை வந்து காட்டு என்றும் சொன்னார். நான் கூடவே நின்று கேட்டேன். மூவரும் தலையாட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை. நன்றாக இருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டோம்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, புறநோயாளிகள் வரிசையில் ஒரு கிழவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேச்சியம்மாள் நின்றாள். "உங்க அப்பாவா?" என்று கேட்டேன். "சிஸ்டரம்மா, தெரியலையா? இவுகதான்" என்றாள். முத்துக்காளை. முடி கொட்டி, நகமெல்லாம் வெளுத்து, தொடை இரண்டும் குச்சியாகி, கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது. தொடையைத் தொட்டால் கத்தினான். குத்தவைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. பெரிய டாக்டர் வழக்கம்போல் கையை நீட்டினார். அவன் விரல்கள் அவர் உள்ளங்கையில் சும்மா கிடந்தன. அவர் முகம் கறுத்துப்போனதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வார்டில் சேர்த்தோம். எக்ஸ்ரேயில் இதயம் நெஞ்சுக்கூட்டை அடைத்துக்கொண்டு பெருத்திருந்தது. வைட்டமின் பி ஒன் ஊசி போட்டோம், இரும்புச்சத்து கொடுத்தோம், நீர் பிரிய மருந்து கொடுத்தோம். வீக்கம் கொஞ்சம் வற்றியது, வேறு மாற்றமில்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கு, "நல்லாத்தான்யா பாத்துக்கிறோம்" என்றாள் தாய். வயிற்றுப்போக்கு இருந்ததால் வார்டிலும் கஞ்சிதான் ஓடியது.

அந்தச் சமயம் மதுரையில் சர்ஜன்கள் கூட்டம் ஒன்று நடந்தது. போய் வந்த பெரிய டாக்டர், கைப்பையைக்கூட வைக்காமல் நேரே வார்டுக்கு வந்தார். வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் அங்கே சொன்னாராம். குடலை எடுத்துவிட்டு நரம்பு வழியாகவே மாசக்கணக்கில் சத்து ஏற்றிய நோயாளிக்கு இதே தொடைவலி, வேறொருவருக்கு இதே இதயக்கோளாறு. காரணம் செலினியம் என்கிற தாது உடம்பில் வற்றிப்போனது. "அது எங்க கிடைக்கும் டாக்டர்?" என்று கேட்டேன். "அதான் சிஸ்டர் தெரியல" என்றார்.

மறுநாள் கடைவீதிக்கு நானே போனேன். மருந்துக்கடைக்காரர் எங்கள் அப்பாவுக்குச் சிநேகிதர். "செலினியமா? அது ரேடியோவுக்குள்ள போடுற சாமானாச்சே தாயி! ஆஸ்பத்திரியில ரேடியோ ரிப்பேரும் ஆரம்பிச்சுட்டீகளா?" என்று சிரித்தார். அப்புறம் உள்ளே தேடி, அந்தப் பெயர் எழுதிய பாட்டில் ஒன்றை எடுத்துவந்தார். பொடுகுக்குத் தலையில் தேய்க்கிற மருந்து! எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கம்பத்தில் பெரிய டாக்டருக்குத் தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவர், எழுந்து நிற்க முடியாத ஆட்டுக்குட்டிக்குப் போடுவது என்று ஒரு ஊசிமருந்து கொடுத்தனுப்பினார். அதில் செலினியம் இருந்தது. பெரிய டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"போட்டுப் பாக்கலாமா டாக்டர்?"

"இது துளி இருந்தா மருந்து, கூடினா விஷம். எவ்வளவுன்னு தெரியாம மனுஷனுக்குப் போடமாட்டேன். கால்நடை டாக்டர் எழுதி அனுப்பியிருக்காரு, சாப்பாட்டுல இருக்காம். மீன், முட்டை, ஈரல். அதுல இருந்து ஆரம்பிப்போம்."

நேரே கட்டிலுக்குப் போனோம். இந்தத் தடவை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். "காலையில என்ன குடுக்குறீங்க?" "கஞ்சிங்கய்யா." "மத்தியானம்?" "கஞ்சிதான்." "ராத்திரி?" "அதுவும்தான்யா." "சரிம்மா, முட்டை எப்ப குடுத்தீங்க? மீன்? பருப்பாவது?"

ஒச்சம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஆத்தாடி! பத்தியம் முறியலையேய்யா. எப்படிக் குடுக்குறது?"

"என்ன பத்தியம்?"

"நீக வச்சதுதான்யா. கஞ்சி மட்டும்னு உங்க வாயால சொன்னீகல்ல. எங்க வீட்டு வழக்கத்துல பத்தியம் வச்சவுக கையாலதான் முறிக்கணும். அவுக மொதல்ல தின்னுட்டு, மிச்சத்த ஊட்டணும். நீக முறிக்கவே இல்லையே. அங்கன வருவீகன்னுதான் காத்துக்கிடந்தோம்."

நான் கத்திவிட்டேன். "எல்லாம் சாப்பிடலாம்னு போறப்ப சொன்னாகல்ல? தலையாட்டுனியே ஆத்தா!"

"சொன்னாக தாயி. சொன்னா முறிஞ்சிருமா?" என்றாள் அவள், எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்கிற பார்வையோடு.

ஒரு வருஷம். குடலில் முக்கால்வாசி இல்லாத மனிதன், உள்ளே போனதில் பாதி ஒட்டாமல் வெளியேறுகிற மனிதன், ஒரு வருஷமாக உப்பும் அரிசிக்கஞ்சியும் மட்டும். அவர்கள் ஊரில் நாட்டு வைத்தியரே வீடு தேடிவந்து பத்தியம் முறிப்பாராம். அதே மரியாதையைத்தான் அவர்கள் டாக்டருக்கும் கொடுத்திருந்தார்கள். எங்கள் கடைவீதிப் பக்கம் இந்த வழக்கம் கிடையாது, நான் கேள்விப்பட்டதும் இல்லை. பெரிய டாக்டர் என் பக்கத்தில் வந்து நிற்பதுபோலவே அங்கேயும் சும்மா நின்றார். பிறகு, "மீன் வாங்கிட்டு வரச் சொல்லுங்க சிஸ்டர். கருவாடு வேணாம், உப்பு இவனுக்கு ஆகாது. புது மீன்" என்றார்.

வைகை அணை மீன் ஆண்டிபட்டிப் பக்கமிருந்து வந்தது. பேச்சியம்மாள் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் உப்பில்லாமல் ஆவியில் வேகவைத்தாள். தட்டு கட்டிலுக்கு வந்தபோது வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. டாக்டர் தொடுவார், ஊட்டுவார், தின்பதுபோல் பாவனை செய்வார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் விபூதி நெற்றியோடு ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார். கண்ணில் தண்ணீர் முட்டியது, விழுங்கிவிட்டார். அடுத்த துண்டை முத்துக்காளைக்கு ஊட்டினார். "முறிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். ஒச்சம்மாள் குனிந்து அவர் காலைத் தொடப் போனாள்.

தினம் மீன், முட்டை, ஈரல். சின்னச் சின்னதாக, பல வேளை. தொடைவலி முதலில் குறைந்தது. பிறகு சுவரைப் பிடித்து எழுந்தான், பிறகு சுவரை விட்டு எழுந்தான். "சிஸ்டரம்மா, இன்னும் ரெண்டு வாரத்துல உங்களத் தூக்கிட்டுச் சுருளி அருவி வரைக்கும் ஓடுவேன்" என்றான். "என் எடைக்கு நீ இன்னும் ஒரு ஆடு தின்னணும்லே" என்றேன். பெரிய டாக்டர் அவன் கட்டிலருகே கூடுதல் நேரம் நின்றார். அந்த நாட்களில் நாங்கள் உண்மையாகவே நம்பினோம்.

ஒரு காலை, முகம் கழுவித் தலைவாரிக்கொண்டிருந்தவன் சீப்போடு சரிந்தான். நெஞ்சை அமுக்கினோம், ஊசி போட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. "தசை திரும்பிடுச்சு, இதயம் திரும்பல. நாம பிந்திட்டோம்" என்றார் பெரிய டாக்டர். அது செலினியம்தானா, அதோடு இன்னும் எத்தனை சத்து வற்றியிருந்ததோ, அளந்து சொல்ல எங்களிடம் வழியில்லை. இன்றும் எனக்குத் தெரியாது.

ஒச்சம்மாளின் கூச்சல் தெருவரை கேட்டது. "ஏலே முத்துக்காளை! பச்சக் குடலுக்குக் கவுச்சியக் குடுத்துக் கொன்னுட்டாகளே! கஞ்சியிலேயே ஒரு வருஷம் இருந்தியேடா!" நான் முன்னால் போய் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பெரிய டாக்டர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். அந்தத் தாயின் முன்னால் தலைகுனிந்து நின்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சு பரவியது. வார்டில் முட்டையை நீட்டினால் நோயாளிகள் முகத்தைத் திருப்பினார்கள். சுருளிப்பட்டியிலிருந்து ஓர் ஆள்கூட எங்களிடம் வரவில்லை. அதற்கப்புறமும் பெரிய டாக்டர், வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் குடும்பத்தார் கண்முன்னால் தன் கையால் ஊட்டித்தான் அனுப்பினார். வாங்கிக்கொண்டவர் பாதி, ஓடிப்போனவர் பாதி.

அதற்கடுத்த திராட்சை அறுப்புச் சமயம், வார்டு வாசலில் பேச்சியம்மாளைக் கண்டேன். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் பின்னால் அவளுடைய தம்பி, வயிற்றைப் பிடித்தபடி. அடைத்துப்போன இரைப்பை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது.

"உங்க ஊர்க்காரக எங்களக் கொலைகாரங்கன்னு சொல்றாகளே, நீ எப்படி வந்த?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

அவள் தம்பிக்குக் கேட்காத தூரத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். "எங்க அத்தைக்குத் தெரியாது சிஸ்டரம்மா. கஞ்சியிலயே கிடந்த அந்த வருஷத்துல, பக்கத்து வீட்டுல கருவாடு சுட்ட அன்னைக்கு, ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டுன்னு எங்க வீட்டுக்காரக கையேந்துனாக. அந்த அக்கா எரக்கப்பட்டுக் குடுத்துருச்சு. வாயில வச்சுட்டாக. நான் ஓடிப்போயி வெரல விட்டு நோண்டி எடுத்து எறிஞ்சேன். ஒதடு கிழிஞ்சு ரத்தம். அப்பயும் என்னைய வையல. புழைக்கணுமேன்னுதான் சிஸ்டரம்மா நோண்டுனேன்."

அவள் அழவில்லை. பெரிய டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். அவளை அடையாளம் கண்டு அப்படியே நின்றுவிட்டார். அவள்தான் கிட்டே போனாள்.

"ஐயா, எந்தம்பிக்கும் கஞ்சின்னுதான் சொல்லுவீக. சொல்லுங்க. ஆனா எங்களை அனுப்புற அன்னைக்கு நீகளே முறிச்சு விட்டுருங்க. மீனு நான் வாங்கியாறேன். முள்ளையும் நானே எடுத்துத் தாரேன். போன தடவை முள்ளோட முழுங்கிட்டீக, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."